மணி அடிச்சது யாரு?

வாங்க கண்ணுகளா, உட்காருங்க. கையில் மாம்பழம் இருந்தால் முதலில் அதைச் சாப்பிட்டு முடியுங்கள். நான் காத்திருக்கிறேன்.

முடிந்ததா? கொட்டையையும் சப்பியாச்சா? சரி, இன்றைய பேச்சை மாம்பழத்தில் இருந்தே ஆரம்பிக்கலாம்.

உங்கள் வயதில் நான் என் அமுச்சியோடு, அதாவது அம்மாவின் அம்மாவோடு, கோயம்புத்தூர் டவுன்ஹால் பக்கம் பழம் வாங்கப் போவேன். ஒருநாள் ஒரு தள்ளுவண்டி நிறைய மாம்பழம். எல்லாம் தகதகவென்று ஒரே மஞ்சள். ஒரு பச்சைத் திட்டு இல்லை, ஒரு கரும்புள்ளி இல்லை. எனக்கு நாக்கில் எச்சில் ஊறியது. "அமுச்சி, இது வாங்கலாம்" என்று சேலையைப் பிடித்து இழுத்தேன்.

அமுச்சி ஒரு பழத்தை எடுத்தார். காம்புப் பக்கம் மூக்கை வைத்து மோந்தார். மெதுவாகத் திரும்ப வைத்துவிட்டார்.

"வேண்டாஞ்சாமி. இது கல்லு வெச்ச பழம். தோலுதான் பழுத்திருக்குது. உள்ள காயி."

கல் என்றால் கார்பைடு கல். அதைச் சின்னப் பொட்டலமாகக் கட்டி மாங்காய்ப் பெட்டிக்குள் வைப்பார்கள். காற்றில் இருக்கும் ஈரம் பட்டதும் அந்தக் கல்லில் இருந்து அசிட்டிலீன் என்ற வாயு வரும்.

மாங்காய் தானாகப் பழுக்கும்போது அதற்குள்ளேயே வேறொரு வாயு உண்டாகும். அதன் பெயர் எத்திலீன். "பழுக்கிற நேரம் வந்தாச்சு" என்று காய்க்குச் சொல்வது அதுதான். அசிட்டிலீன் அந்த எத்திலீன் மாதிரியே வேஷம் போடும். தோல் ஏமாந்துபோய் அவசரமாக மஞ்சளாகிவிடும். உள்ளே இனிப்பு ஊற நேரமே கிடைக்காது. உடம்புக்கும் கெடுதல். அதனால் கார்பைடு வைத்துப் பழம் பழுக்க வைப்பதற்கு நம் நாட்டில் தடை இருக்கிறது.

இதுவரை புரிந்ததா? பழம் உண்மைதான். மஞ்சளும் உண்மைதான். ஆனால் "நான் பழுத்துவிட்டேன்" என்று அது சொல்வது மட்டும் பொய்.

நம் கைக்கு வரும் வீடியோக்களிலும் கல் வைத்த பழங்கள் உண்டு. நம்ம திருப்பூரிலேயே நடந்த கதை ஒன்று சொல்கிறேன், கேளுங்கள்.

திருப்பூர் என்றால் என்ன ஞாபகம் வரும்? பனியன் கம்பெனி. அங்கே தைக்கிற பனியன் உலகம் முழுக்கப் போகிறது. அந்தக் கம்பெனிகளில் நம் ஊர்க்காரர்களோடு பீகார், ஜார்க்கண்ட், ஒடிசா என்று தூரத்து மாநிலத்து அண்ணன்களும் அக்காக்களும் வேலை செய்கிறார்கள். உங்கள் வகுப்பிலேயே வீட்டில் இந்தி பேசும் நண்பர் ஒருவர் இருக்கலாம். இடைவேளையில் நம்மைவிட வேகமாகத் தமிழில் சண்டையும் போடலாம்.

2023 மார்ச் மாதத் தொடக்கத்தில் சில வீடியோக்கள் பரவின. சிலர் சண்டை போடுகிறார்கள், அடித்துக்கொள்கிறார்கள். கூடவே ஒரு வரி: "தமிழ்நாட்டில் பீகார் தொழிலாளர்களைத் தாக்குகிறார்கள்!"

பார்த்தவர்கள் பதறிப்போனார்கள். பீகாரில் இருக்கும் அம்மாவும் அப்பாவும் போன் மேல் போன் போட்டார்கள். "உடனே கிளம்பி வா" என்றார்கள். நன்றாக வேலை பார்த்துக்கொண்டு இருந்தவர்களுக்கே சந்தேகம் வந்துவிட்டது. பையைக் கட்டிக்கொண்டு ரயில் நிலையத்துக்குப் போனவர்களும் உண்டு. பீகார் சட்டமன்றத்தில்கூட இதைப் பற்றிப் பெரிய கூச்சல்.

உண்மையில் என்ன நடந்தது? அப்போது தமிழ்நாட்டுக் காவல்துறைத் தலைவராக இருந்தவர் சைலேந்திர பாபு. அவர் ஒரு விளக்கம் சொன்னார். பரவிய வீடியோக்களில் ஒன்று திருப்பூரில் எடுத்ததுதான். ஆனால் அது பீகார் தொழிலாளர்களே இரண்டு கூட்டமாகப் பிரிந்து தங்களுக்குள் போட்ட சண்டை. இன்னொன்று கோயம்புத்தூரில் எடுத்தது. அது உள்ளூர்க்காரர்கள் தங்களுக்குள் போட்டுக்கொண்ட சண்டை. வெளி மாநிலத் தொழிலாளர்களுக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை.

இன்னொரு வேடிக்கையும் உண்டு. அந்த வருடம் ஹோலிப் பண்டிகை மார்ச் 8-ஆம் தேதி. வடக்கே இருந்து வந்தவர்கள் ஹோலிக்கு ஊருக்குப் போவது வழக்கம். நாம் பொங்கலுக்குப் போவதில்லையா, அது மாதிரி. அதனால் ரயிலில் கூட்டம். அந்தக் கூட்டத்தையும் காட்டி, "பாருங்கள், பயந்து ஓடுகிறார்கள்" என்று சொன்னார்கள்!

பீகார் அரசு நான்கு அதிகாரிகளை அனுப்பியது. அவர்கள் திருப்பூருக்கும் கோயம்புத்தூருக்கும் வந்து தொழிலாளர்களோடு நேரில் பேசினார்கள். பயப்பட ஒன்றுமில்லை என்று தெரிந்துகொண்டார்கள். பொய்யைப் பரப்பியவர்கள்மீது காவல்துறை வழக்குப் போட்டது. மெதுவாக எல்லாம் அடங்கியது.

இப்போது கொஞ்சம் நின்று யோசியுங்கள். அந்த வீடியோ பொய்யா?

இல்லை. யாரோ உண்மையாகவே சண்டை போட்டார்கள். யாரோ அதைப் படம் பிடித்தார்கள். பொய் எங்கே இருந்தது? கூட ஒட்டியிருந்த அந்த ஒற்றை வரியில். உங்கள் வீட்டு அலமாரியில் ஊறுகாய் பாட்டில் மேல் 'எலுமிச்சை' என்று சீட்டு ஒட்டியிருக்கும். உள்ளே இருப்பது நார்த்தங்காய் என்றால்? ஊறுகாய் ஒரு தப்பும் செய்யவில்லை. சீட்டுத்தான் தப்பு.

சீட்டு மாறிய படங்கள் நிறைய உண்டு. தீபாவளி சமயத்தில் ஒரு படம் வருடா வருடம் வரும், நீங்களே பார்த்திருக்கலாம். இருட்டில் இந்தியா. மேலே வெள்ளை, நீலம், பச்சை, சிவப்பு என்று வண்ண வண்ண வெளிச்சம். "தீபாவளி இரவில் விண்வெளியில் இருந்து நாசா எடுத்த படம்" என்று எழுதியிருக்கும்.

அது தீபாவளி இரவே இல்லை, கண்ணுகளா. ஒரே இரவில் எடுத்த படமும் இல்லை. பல வருடங்களில் செயற்கைக்கோள்கள் எடுத்த படங்களை ஒன்றாக அடுக்கி, ஒரு அமெரிக்க விஞ்ஞானி 2003-இல் உருவாக்கிய படம் அது. 1992-க்கு முன்பே விளக்கு எரிந்த இடங்கள் வெள்ளை. 1992-இல் புதிதாகத் தெரிந்த வெளிச்சம் நீலம். 1998-இல் தெரிந்தது பச்சை. 2003-இல் தெரிந்தது சிவப்பு. நம் நாட்டில் ஊர்கள் எப்படி வளர்ந்தன என்று காட்டும் அருமையான படம் அது! சீட்டை மாற்றி ஒட்டியதால் அந்த அருமை யாருக்கும் தெரியாமல் போய்விட்டது. எனக்கு அதுதான் வருத்தம்.

2012 தீபாவளிக்கு நிஜமாகவே செயற்கைக்கோள் எடுத்த படத்தை நாசா வெளியிட்டது. வழக்கமான ஊர் வெளிச்சம்தான் தெரிந்தது. நாம் வைக்கும் அகல்விளக்கும் மத்தாப்பும் அவ்வளவு உயரத்துக்குத் தனியாகத் தெரியாது.

"மாமா, உங்களுக்கு எல்லாம் தெரியும், நீங்கள் ஏமாறவே மாட்டீர்கள்" என்று நினைக்கிறீர்களா? ஐயோ! அந்தக் கதையையும் சொல்லிவிடுகிறேன். யாரிடமும் சொல்லாதீர்கள்.

சில வருடங்களுக்கு முன் எனக்கு ஒரு செய்தி வந்தது. "ஆகஸ்ட் 27 இரவு செவ்வாய்க் கோள் முழுநிலா அளவுக்குத் தெரியும். வானத்தில் இரண்டு நிலா!" எனக்கு ஒரே குஷி. அக்கா பிள்ளைகள், பக்கத்து வீட்டுப் பிள்ளைகள் எல்லோரையும் மொட்டை மாடிக்குக் கூட்டிக்கொண்டு போனேன். பாய் விரித்தோம். முறுக்கு டப்பாவைத் திறந்தோம். கொசு கடித்தது. முறுக்கு தீர்ந்தது. இரண்டாவது நிலா வரவே இல்லை.

அக்கா மகள் என் பக்கம் திரும்பிக் கேட்டாள்: "மாமா, இத உங்களுக்கு ஆரு சொன்னாங்க?"

"போன்ல வந்துச்சு கண்ணு."

"போன்ல ஆரு மாமா?"

எனக்குப் பதில் தெரியவில்லை.

மறுநாள் தேடிப் படித்தேன். 2003 ஆகஸ்ட் 27 அன்று செவ்வாய் பூமிக்கு மிக அருகில் வந்தது நிஜம். சுமார் 60 ஆயிரம் வருடங்களில் அவ்வளவு பக்கத்தில் வந்ததே இல்லை. பக்கம் என்றால் எவ்வளவு? ஏறத்தாழ 5 கோடியே 58 லட்சம் கிலோமீட்டர்! செவ்வாயை 75 மடங்கு பெரிதாகக் காட்டும் தொலைநோக்கியில் பார்த்தால், வெறும் கண்ணுக்குத் தெரியும் முழுநிலா அளவுக்குத் தெரியும் என்று யாரோ எழுதினார்கள். சரியாகத்தான் எழுதினார்கள். அந்தச் செய்தி கை மாறிக் கை மாறிப் போனதில் தொலைநோக்கி எங்கோ விழுந்துவிட்டது. 2003-ஆம் வருடமும் விழுந்துவிட்டது. மிச்சம் இருந்தது 'ஆகஸ்ட் 27, முழுநிலா'. அதுதான் வருடா வருடம் சுற்றுகிறது.

75 மடங்கு என்றால் எவ்வளவு என்று பார்க்கலாமா? நிலா ஒரு பெரிய தோசை என்று வையுங்கள். அதன் பக்கத்தில் அன்றைய செவ்வாய் ஒரு மிளகு. அவ்வளவுதான்.

ஆனால் என் அக்கா மகள் கேட்டாளே, "ஆரு சொன்னாங்க?" என்று. அதைவிட நல்ல கேள்வி எனக்குத் தெரிந்து இல்லை. ஏன் என்று சொல்கிறேன். நான் படித்த கிராமத்துப் பள்ளிக்கூடத்தில் மணி என்றால் ஒரு தண்டவாளத் துண்டு. வேப்ப மரத்தில் கட்டித் தொங்கும். ஒருநாள் மூன்றாவது பீரியடிலேயே 'டாண் டாண் டாண்' என்று நீளமாக அடித்தது. நாங்கள் பையைத் தூக்கிக்கொண்டு ஓட்டம்! வாசலில் தலைமையாசிரியர் நின்றார். "மணி அடிச்சது யாரு?" என்றார். யாருக்கும் தெரியவில்லை. ஐந்தாம் வகுப்புப் பையன் ஒருவன் செய்த வேலை அது.

மணிச் சத்தத்தில் வித்தியாசம் இருந்ததா? இல்லவே இல்லை. வாட்ச்மேன் தாத்தா அடித்தாலும் அதே டாண், குறும்புக்காரன் அடித்தாலும் அதே டாண். எவ்வளவு நேரம் காதை வைத்துக் கேட்டாலும் கண்டுபிடிக்க முடியாது. மரத்தடியில் நிற்பது யார் என்று போய்ப் பார்த்தால்தான் தெரியும்.

இப்போது கணினியே படம் வரைகிறது. குரலையும் செய்கிறது. அச்சு அசலாக இருக்கும். படத்தை உற்று உற்றுப் பார்த்தே பொய்யைப் பிடித்துவிடலாம் என்று பெரியவர்கள் சிலர் சொல்லுவார்கள். எனக்கு அதில் அவ்வளவு நம்பிக்கை இல்லை. கண்ணை மட்டும் நம்பாமல் மரத்தடிக்குப் போகத்தான் வேண்டும்.

எப்படிப் போவது? ஒரு செய்தித்தாளை எடுங்கள். கடைசிப் பக்கத்தின் அடியிலோ உள்ளே ஏதாவது ஒரு மூலையிலோ எறும்பு ஊர்வது மாதிரிச் சின்ன எழுத்தில் ஒரு வரி இருக்கும். ஆசிரியர் யார், வெளியிடுபவர் யார், எங்கே அச்சடித்தது என்று அதில் போட்டிருக்கும். அச்சடித்தவர், வெளியிட்டவர் பெயரைப் போட்டே ஆக வேண்டும் என்று 1867-இலேயே ஒரு சட்டம் வந்தது. ஏன் தெரியுமா? தப்பாக ஏதாவது போட்டால் யாரைக் கேட்பது என்று எல்லோருக்கும் தெரிய வேண்டும். அந்தச் சின்ன வரிதான் மரத்தடியில் நிற்கும் ஆள்.

பெயர் போட்டவர்கள் தப்பே செய்ய மாட்டார்களா? செய்வார்கள். நானும்தான் செய்கிறேன், மொட்டை மாடியில் பார்த்தீர்களே. ஆனால் நல்ல பத்திரிகை மறுநாள் 'திருத்தம்' என்று தலைப்புப் போட்டு, "நேற்று நாங்கள் எழுதியது தவறு" என்று சொல்லும். வாட்ஸ்அப்பில் சுற்றும் செய்தி என்றைக்காவது திரும்பி வந்து "மன்னிச்சுக்குங்க" என்று சொல்லியிருக்கிறதா?

வீடியோவிலும் கொஞ்சம் துப்பறியலாம். இது உங்களுக்குப் பிடிக்கும். ஓடுகிற வண்டிகளின் நம்பர் பிளேட்டைப் பாருங்கள். டி.என். 37, 38 என்றால் கோயம்புத்தூர். டி.என். 39 என்றால் திருப்பூர். 'கோவையில் நேற்று நடந்தது' என்று போட்டுவிட்டு, வண்டியெல்லாம் ஆர்.ஜே. என்று ஆரம்பித்தால்? அது ராஜஸ்தான்! கடைப் பலகையில் என்ன மொழி, பஸ் என்ன நிறம், நேற்று இங்கே வெயில் கொளுத்தியதே, படத்தில் ஏன் எல்லோரும் ஸ்வெட்டர் போட்டிருக்கிறார்கள் என்று கேளுங்கள். அப்புறம் அம்மாவையோ அப்பாவையோ பக்கத்தில் வைத்துக்கொண்டு அந்தப் படத்தைக் கூகுளில் கொடுத்துத் தேடிப் பாருங்கள். அது முதலில் எப்போது வந்தது என்று பல தடவை கிடைத்துவிடும். 2018-இல் நம் பக்கத்து மாநிலமான கேரளத்தில், கண்ணூர் மாவட்டத்து அரசுப் பள்ளிகளில் இதைப் பாடமாகவே சொல்லிக்கொடுக்க ஆரம்பித்தார்கள். தடுப்பூசி பற்றிப் பொய்ச் செய்தி பரவி, பிள்ளைகளுக்கு ஊசி போடப் பெற்றோர் தயங்கியதைப் பார்த்த பிறகு வந்த யோசனை அது.

சரி, ஒரு செய்தி உண்மைதான் என்று கண்டுபிடித்துவிட்டோம். உடனே பார்த்துவிடலாமா?

பொறுங்கள். பள்ளிபாளையம் சிக்கன் சாப்பிட்டிருக்கிறீர்களா? மிளகாய் வற்றலைக் கிள்ளிப் போட்டு, தேங்காய்ப் பல்லோடு வறுப்பார்கள். நம் பக்கத்துப் பெருமை அது. அதில் ஒரு பொய்யும் இல்லை, ஒரு கலப்படமும் இல்லை. ஆனால் வீட்டில் இருக்கும் இரண்டு வயசுத் தம்பிக்கு ஊட்டுவீர்களா? அவனுக்குப் பருப்பும் நெய்யும் சோறும். சிக்கன் கெட்டது என்பதால் அல்ல. அவன் நாக்கு இன்னும் அதற்கு வளரவில்லை.

சினிமாவுக்கும் அப்படி ஒரு காரக் கணக்கு இருக்கிறது. படம் ஆரம்பிக்கும் முன் திரையில் ஒரு சான்றிதழ் காட்டுவார்கள், பார்த்திருப்பீர்கள். 'யு' என்றால் எல்லோருக்கும். 'ஏ' என்றால் பெரியவர்களுக்கு மட்டும். நடுவில் முன்பு 'யு/ஏ' என்று ஒரே ஒரு வகை இருந்தது. இப்போது அதை 7, 13, 16 என்று மூன்று வயதாகப் பிரித்திருக்கிறார்கள். 'யு/ஏ 13+' என்று இருந்தால், 13 வயது ஆகாதவர்கள் பார்க்கலாமா என்று அப்பா அம்மா யோசித்துச் சொல்ல வேண்டும். இணையத்தில் வரும் படங்களுக்கும் தொடர்களுக்கும் இந்த அடையாளம் உண்டு. குட்டி வீடியோக்களுக்குத்தான் பெரும்பாலும் எதுவும் இருக்காது. அங்கே அளவுகோல் நீங்களேதான். பார்த்தபின் இரவு விளக்கை அணைக்கப் பயமாக இருந்ததா? அப்படியென்றால் அது உங்களுக்குக் காரம் அதிகம். அம்மாவிடம் சொல்லிவிடுங்கள். அழுதுகொண்டு சொன்னாலும் பரவாயில்லை.

பொம்மைப் பெட்டியைப் பிரித்துக் காட்டி "சூப்பரா இருக்கு!" என்று குதிக்கும் அண்ணன்களைப் பற்றியும் ஒரு வார்த்தை. அவர்களில் சிலருக்கு அப்படிக் குதிக்கவே பணம் கொடுக்கிறார்கள். காசு வாங்கிக்கொண்டால் அதை வீடியோவில் சொல்ல வேண்டும் என்பது விதி. அந்தச் சின்ன எழுத்தையும் தேடிப் பாருங்கள்.

கடைசியாக ஒரு கணக்கு. பென்சில் எடுங்கள்.

வாட்ஸ்அப்பில் வந்த ஒரு செய்தியை ஒரு தடவையில் 5 இடத்துக்கு மேல் அனுப்ப முடியாது. 2018-இல் முதலில் நம் நாட்டில்தான் இந்தக் கட்டுப்பாட்டைக் கொண்டுவந்தார்கள். 5 என்றால் ரொம்பக் குறைவு என்று தோன்றுகிறதா? ஒருவர் 5 பேருக்கு அனுப்புகிறார். அந்த 5 பேரும் ஆளுக்குப் புதிதாக 5 பேருக்கு. 25. அடுத்து 125. அடுத்து 625. விடாமல் பெருக்கிக்கொண்டே போங்கள். எட்டாவது சுற்றில் 3,90,625. பன்னிரண்டாவது சுற்றில் 24 கோடியைத் தாண்டிவிடும். 2011 கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டு மக்கள்தொகையே 7 கோடியே 21 லட்சம்தான்!

பொய்க்கு இதில் கால் இன்னும் நீளம். அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்து ஆராய்ச்சியாளர்கள் ட்விட்டரில் 2006 முதல் 2017 வரை பரவிய சுமார் 1,26,000 செய்திகளை எடுத்து ஆராய்ந்து 2018-இல் வெளியிட்டார்கள். 1,500 பேரைப் போய்ச் சேர உண்மைக்கு ஆன நேரம், பொய்க்கு ஆனதைப் போல ஆறு மடங்கு. ஏனென்றால் பொய் புதுசாக இருக்கும். "அடேயப்பா!" என்று வாயைப் பிளக்க வைக்கும். உண்மை பல சமயம் நம்ம பருப்புச் சோறு மாதிரி. பழகிய ருசி.

செய்தியை அனுப்பிவிட்ட பிறகு அதைப் பிடிக்க முடியாது. நொய்யல் கரையில் பட்டம் விட்டிருந்தால் தெரியும். நூல் கையில் இருக்கும்வரை பட்டம் உங்கள் பேச்சைக் கேட்கும். அறுந்த பிறகு அது எந்தத் தென்னையில் போய் விழும் என்று யாருக்குத் தெரியும்? திருப்பூர் செய்தியை முதலில் அனுப்பியவர் "ஐயோ, தப்பு" என்று நினைத்தாலும், பீகாரில் எங்கோ ஒரு கிராமத்தில் போனைப் பிடித்துக்கொண்டு அழுத அம்மாவை அவரால் போய்த் தேட முடிந்திருக்குமா?

அம்மா போனில் ஏதாவது செய்தி வந்தால் அதன் தலையில் பாருங்கள். இரண்டு அம்புக்குறி சேர்ந்து இருந்தால், அது உங்களிடம் வருவதற்கு முன் குறைந்தது ஐந்து கை மாறி வந்திருக்கிறது என்று அர்த்தம். அமுச்சி மாதிரி காம்புப் பக்கம் ஒரு தடவை மோந்து பாருங்கள்.

இந்த மாதத்து வேலை இதுதான். வீட்டுக்கோ பக்கத்து டீக்கடைக்கோ வரும் செய்தித்தாளில் அந்த எறும்பு வரி எங்கே இருக்கிறது, அதில் யார் பெயர் இருக்கிறது, எந்த ஊரில் அச்சடித்திருக்கிறார்கள் என்று கண்டுபிடித்து எனக்கு எழுதுங்கள். அப்புறம் இதே இதழைத் திருப்பி, என் பேச்சுக்கு யார் பொறுப்பு என்றும் பாருங்கள். சரியாக எழுதியவர்களுக்கு ஒரு மாம்பழம். மோந்து பார்த்து வாங்கியது.